மாரியிலும் உழக்கும் வன்னி

பனி கொட்டினால் சில ஐரோப்பிய நகரங்கள் முதலில் சைக்கிள் பாதையைத் துப்புரவாக்குகின்றன. குளங்கள் வான் பாயும்போது நாங்கள் யாருடைய பாதையை முதலில் திருத்துகிறோம்?

காலை ஆறரை மணி. கார்த்திகை மழை இரவு முழுக்கக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. கண்டாவளைப் பக்கத்துக் கிரவல் வீதி ஒன்றில் மதகுக்கு மேலால் செந்நிறத்தில் தண்ணீர் போகிறது. இந்தப் பக்கம் நாலைந்து சைக்கிள்கள் வந்து நிற்கின்றன. எல்லாரும் வெள்ளைச் சீருடை. ஒருவர் காலிலும் சப்பாத்து இல்லை. சப்பாத்துகள் சொப்பிங் பைகளுக்குள் போய் ஹான்டிலில் தொங்குகின்றன. புத்தகப் பைகளுக்கு மேல் பொலித்தீன் உறை.

கூட்டத்தில் பெரிய பிள்ளை முதலில் இறங்குகிறாள். மதகின் விளிம்பு எங்கே முடிகிறது என்று காலால் தடவித் தடவிப் பார்க்கிறாள். காரியரில் இருந்த தம்பியைக் கரையில் நிற்கச் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுகரைக்குப் போகிறாள். ஸ்ராண்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு இன்னொரு தடவை தண்ணீரைக் கடக்கிறாள். ஏழரைக்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். வாசல் குழாயில் சேறு கழுவி, ஈரக் காலோடு சப்பாத்தை மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் போக வேண்டும். பின் மட்காட் இல்லாத சைக்கிளில் வந்தவர்களுடைய முதுகில் சேற்றுக் கோடு காயாமல் இருக்கும். அன்று முழுக்க அந்தச் சட்டையோடுதான் பாடம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்கு என்று எங்கே போனாலும் ஒக்டோபரில் இருந்து தை பிறக்கும் வரை இந்தக் காட்சியைக் காணலாம். பிள்ளைகளின் துணிச்சலைப் பாராட்டிவிட்டுக் கடந்து போவது சுலபம். மதகுக்கு மேல் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை ஒரு பிள்ளை தன் காலால் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தடைக்காலம் முதல் பெற்றோல் வரிசை வரை

வன்னிக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவை அதிகம் விளக்கத் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் டீசலும் பற்றரியும் அருமையாகின. மோட்டார் சைக்கிள்கள் துளி பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. மற்ற எல்லாவற்றையும் சைக்கிள் சுமந்தது: விறகு, நெல் மூட்டை, நோயாளி, மணப்பெண். பற்றரி இல்லாத வீடுகளில் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணம் பெயர்ந்தபோது கிளாலி கடந்து வன்னிக்குள் வந்தவர்களில் பலருடைய முழுச் சொத்தும் ஒரு சைக்கிளின் காரியரில் இருந்தது. 2009 இல் முள்ளிவாய்க்கால் மணலில் அந்தச் சைக்கிள்களும் குவியல் குவியலாகக் கிடந்தன.

மீள்குடியேற்றம் மறுபடியும் சைக்கிளோடுதான் தொடங்கியது. இந்திய அரசு வட மாகாண மக்களுக்கு 10,000 சைக்கிள்களை வழங்கியது. தொண்டு நிறுவனங்கள் கொடுத்தன. புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள் இன்றும் கொடுக்கின்றன. பிறகு 2022 வந்தது. 2021 டிசம்பர் கடைசியில் ஒரு லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் விற்பதையே அரசு இரண்டு வாரம் நிறுத்தியது. ஆசிரியர்களும் கிராம அலுவலர்களும் தாதியரும் வீட்டுப் பின்பக்கம் சாத்திவைத்திருந்த பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தார்கள். பெற்றோல் திரும்பியதும் சைக்கிள்கள் பழைய இடத்துக்குப் போய்விட்டன. பிள்ளைகளுடைய சைக்கிள்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களுடைய சைக்கிள்களும் மட்டும் வீதியிலேயே நின்றன.

‌பெட்டிச் செய்தி
வன்னி மாரி
▪ வன்னி உலர் வலயம். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் கொட்டித் தீர்க்கிறது. காலபோக நெல்லும் அதை நம்பித்தான்.
▪ 2018 டிசம்பர் பிற்பகுதியில் பெய்த கடும் மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருமளவு மக்கள் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் தங்கினர்.
▪ 2024 நவம்பர் 25 இல் தொடங்கிய க.பொ.த. உயர்தரப் பரீட்சை, புயல் மழையால் நாடு முழுவதும் இடைநிறுத்தப்பட்டு டிசம்பர் 4 இல் மீண்டும் தொடங்கியது.
▪ முல்லைத்தீவு வட்டுவாகல் பாலம் ஒடுங்கியது, தாழ்வானது. மாரியில் அதற்கு மேலால் தண்ணீர் பாய்வதுண்டு. புதிய பாலத்துக்கான வேலை 2025 செப்டெம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது.

மழை சைக்கிளுக்குச் செய்வது

சைக்கிளுக்குப் பெற்றோல் செலவு இல்லை, உண்மைதான். ஆனால் மாரியில் சைக்கிளும் காசு கேட்கும். எந்தச் சந்தியிலும் ஒரு திருத்துகிற கடைக்கு முன்னால் நின்று பார்த்தால் இது விளங்கும்.

மதகைக் கடந்த சைக்கிளின் நடுப் போல்ஸுக்குள்ளும் சில்லுப் போல்ஸுக்குள்ளும் தண்ணீர் போகிறது. கிறீஸ் கழுவுப்பட்டுப் போகிறது. ஒரு கிழமையில் உழக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். கவனிக்காமல் விட்டால் கப் தேய்ந்து, அச்சும் போய்விடும். வெயில் காலத்தில் ஒரு தடவை கழுவிப் பூட்டினால் நீண்ட நாள் ஓடுகிற சைக்கிளை மாரியில் திரும்பத் திரும்பக் கழுவிப் பூட்ட வேண்டும். கிரவல் மண் பிறேக் கட்டைக்கும் றிம்முக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு இரண்டையும் அராவுகிறது. ஈர றிம்மில் பிறேக் பிடித்தால் சைக்கிள் உடனே நிற்காது, நாலைந்து முழம் இழுத்துக்கொண்டு போய்த்தான் நிற்கும். சிறு பிள்ளைகள் விழுவது இதனால்தான். செயின் துருப்பிடிக்கும். கழிவு ஒயில் பூசினால் துரு நிற்கும், ஆனால் அதில் மண் ஒட்டும், சீருடையிலும் படும்.

பிறகு ஒட்டு. மழையில் வெளியே வந்து கிடக்கிற கல்லும் முள்ளும் டயரைக் குத்தும். கடைக்காரர் டியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்திக் காற்று வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, துணியால் துடைத்து, உலரவைத்து, தேய்த்து, சொலூசன் பூசி, அது காயும் வரை பொறுத்துத்தான் ஒட்டை வைக்க முடியும். ஈரப்பதன் நிறைந்த மார்கழிக் காற்றில் இது இழுபடும். அவசரப்பட்டால் ஒட்டுக் கழன்றுவிடும். காலையில் ஒட்டுப் போடக் கடைக்கு வந்த பிள்ளை முதல் பாடத்துக்குப் போய்ச் சேராது. பல பிள்ளைகள் அந்த நேரத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் போக வெட்கப்பட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். வரவு இடாப்பில் அது வெறும் ஒரு நாள் வராமை. ஒட்டுக்கும் டியூப்புக்கும் ஆன காசு எந்தக் கணக்கிலும் பதிவாகாது.

சைக்கிள் கொடுக்கும் விழாக்களைப் பற்றி இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொடுக்கிறவர்களின் மனது பெரிது, சந்தேகமில்லை. ஆனால் புதுச் சைக்கிளோடு பம், ஒட்டுச் சாமான், முழு மட்காட், முன்விளக்கு, இரண்டு உபரி டியூப், பக்கத்துச் சந்திக் கடையில் வருடத்தில் இரண்டு தடவை கழுவிப் பூட்டுவதற்கான முன்பணம் இவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் பத்துச் சைக்கிளுக்குப் பதில் எட்டுத்தான் கொடுக்க முடியும். அந்த எட்டும் அடுத்த மாரியில் ஓடும். பத்தில் பாதி கூரைக்குக் கீழ் சாத்திக் கிடப்பதைவிட இது மேல்.

பனியில் உழக்குகிறவர்கள்

டென்மார்க்கிலும் நோர்வேயிலும் ஒல்லாந்திலும் இருக்கிற மாமாமார், சித்திமார் மார்கழியில் கதைக்கும்போது அங்கத்தைய குளிரைச் சொல்வார்கள். அந்தக் குளிருக்குள் அவர்களுடைய பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவதையும் சொல்வார்கள். நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அது அங்கே அன்றாட நடப்பு. வந்து சேர்ந்த ஆரம்ப வருடங்களில், பஸ் ரிக்கற்றுக்கும் கணக்குப் பார்க்க வேண்டிய காலத்தில், எங்கள் ஆட்களில் பலருக்கும் அந்த நாடுகளின் சைக்கிள் பாதைதான் கைகொடுத்தது.

பின்லாந்தின் வடக்கில் ஊலு என்று ஒரு நகரம். சுமார் 2 இலட்சம் பேர் வாழும் இடம். மாரியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வரை இறங்கும். அங்கே 900 கிலோமீற்றருக்கு மேல் நடை, சைக்கிள் பாதைகள் உண்டு. மெற்சொகங்காஸ் என்ற பள்ளிக்கூடத்தில் ஏறக்குறைய 1,200 பிள்ளைகளில் 1,000 பேரளவில் பனிக்காலத்திலும் சைக்கிளில் வருகிறார்கள் என்ற செய்தி 2018 இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பனிக்காலச் சைக்கிள் பயணத்துக்கென்றே ஓர் உலக மாநாட்டை 2013 இல் முதலில் நடத்தியதும் ஊலுதான்.

ஊலுப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைவிடத் துணிந்தவர்கள் அல்லர். அங்கே பனி கொட்டிய இரவிலேயே இயந்திரம் வந்து முக்கியமான சைக்கிள் பாதைகளைத் துப்புரவாக்கிவிடும். பாதைக்கு விளக்கு உண்டு. மோட்டார் வாகனம் ஓடும் வீதியோடு அது ஒட்டாமல் விலகிப் போகும், பெரிய வீதி குறுக்கிட்டால் அடியால் சுரங்கம் போகும். காலையில் பிள்ளை வெளிக்கிடும்போது யாரோ ஒருவர் ஏற்கெனவே தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பார்.

வன்னிக்கு இதைவிடப் பெரிய பாடம் சுவீடனின் கார்ல்ஸ்கோகா என்ற சிறிய நகரத்தில் இருக்கிறது. பனியை எந்த ஒழுங்கில் அகற்றுகிறோம் என்று அந்த நகரசபை உட்கார்ந்து பார்த்தது. முதலில் பெரிய வீதிகள், பிறகு பெரிய வேலைத்தலங்களுக்குப் போகும் வழிகள், கடைசியில்தான் நடைபாதையும் சைக்கிள் பாதையும். வாகனத்தில் வேலைக்குப் போகும் ஆண்களுக்கு முதலிடம், நடந்தும் சைக்கிளிலும் போகும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கடைசி இடம் என்பது அப்போதுதான் உறைத்தது. பனியில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் இந்தக் கடைசி இடத்துக்காரர்கள்தான். நகரசபை ஒழுங்கை மாற்றியது. பாலர் பள்ளி வாசல், நடைபாதை, சைக்கிள் பாதை முதலில். பெரிய வீதி பிறகு. இதற்கு மேலதிகப் பணம் தேவைப்படவில்லை. அதே இயந்திரம், அதே ஆட்கள்.

பெட்டிச் செய்தி
ஐரோப்பாவில் சில கணக்குகள்
▪ ஒல்லாந்தில் மக்கள் தொகையைவிடச் சைக்கிள்களின் தொகை கூட. மொத்தப் பயணங்களில் கால்வாசிக்கு மேல் சைக்கிளில்.
▪ உட்ரெக்ட் ரயில் நிலையத்துக்குக் கீழே 12,500 சைக்கிள்களை நிறுத்த இடம் உண்டு. 2019 இல் முழுமையாகத் திறக்கப்பட்டது.
▪ கொப்பன்ஹேகன் புறநகர் ரயில்களில் 2010 முதல் சைக்கிளை இலவசமாக ஏற்றிக்கொண்டு போகலாம்.
▪ பாரிசில் வாடகைச் சைக்கிள் திட்டமான வெலிப் 2007 இல் தொடங்கியது.

1973உம் 2022உம்

ஒல்லாந்துக்காரர் பிறவியிலேயே சைக்கிள்காரர் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் கார்தான் வளர்ந்தது, சைக்கிள் ஓரங்கட்டப்பட்டது. 1971 இல் மட்டும் வீதி விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். பெற்றோர் வீதிக்கு இறங்கினார்கள். சிறுவர் கொலையை நிறுத்து என்பதே அவர்களுடைய இயக்கத்தின் பெயர். 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தது. வெறுமையான பெரு வீதிகளில் மக்கள் சைக்கிள் ஓட்டினார்கள். நெருக்கடி முடிந்து பெற்றோல் திரும்பியது. ஆனால் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பவில்லை. இன்று உலகம் பார்த்து வியக்கும் சைக்கிள் பாதைகள் அந்த இரண்டு அடிகளும் சேர்ந்து விழுந்த வருடங்களில் பிறந்தவை.

எங்களுக்கும் 2022 வந்தது. ஒல்லாந்துக்கு வந்ததைவிடக் கடுமையான நெருக்கடி. ஒரு நாட்டின் முழுப் போக்குவரத்தும் நின்றபோது சைக்கிள்தான் ஆசிரியரைப் பள்ளிக்கூடத்துக்கும் தாதியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனது. அந்த அனுபவத்தில் இருந்து வன்னியின் ஒரு வீதியிலாவது சைக்கிளுக்கென ஒரு முழம் அகலம் ஒதுக்கியிருக்கலாம். நாங்கள் அந்தத் தருணத்தைத் தவறவிட்டோம். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

காபெற் வீதியில் இருக்கும் ஆபத்து

போருக்குப் பிறகு வன்னியில் வீதி போடப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏ-9 காபெற் ஆனது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியும் மாங்குளம் – முல்லைத்தீவு வீதியும் வழுவழுப்பாகின. முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போகிற வாகனம் முன்னர் எடுத்த நேரத்தில் பாதியில் போய்ச் சேருகிறது. நல்ல விஷயம். ஆனால் அதே காபெற்றின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கும் புல்லுக்கும் இடையில், விசுவமடுப் பிள்ளையும் தர்மபுரப் பிள்ளையும் சைக்கிள் உழக்குகின்றன. மணல் ஏற்றிய டிப்பர் பக்கத்தால் உரசிக்கொண்டு போகும்போது அடிக்கிற காற்றிலும் தண்ணீரிலும் சைக்கிள் ஆடும். பிள்ளைக்கு ஒதுங்க இடமில்லை. காபெற் விளிம்பில் இருந்து கரை சறுக்கலாகக் கீழே போகிறது, மாரியில் அது சேறு.

மார்கழியில் ஆறு மணிக்கு முன்னரே இருட்டத் தொடங்குகிறது. ரியூசன் முடிந்து வருகிற பிள்ளைகளின் சைக்கிளில் விளக்கில்லை. பழைய றலிச் சைக்கிளில் டைனமோ இருந்தது, இப்போது விற்கிற சைக்கிள்களில் அதைக் காண்பது அரிது. பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பினால் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் யானை. மழைக்குப் பிறகு காடு பச்சை பிடித்திருக்க, வயலைத் தேடி யானைகள் வீதிக்கு வருகின்றன. பிரதான வீதியில் டிப்பர், உள்வீதியில் யானை, நடுவில் மேவிப் பாயும் மதகு. இந்த மூன்றையும் கணக்கில் எடுத்துத்தான் ஒரு தாய், மழை கொஞ்சம் பலமாகத் தெரிந்தால் பிள்ளையை மறித்துவிடுகிறாள். அவளைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை.

மறிக்கப்படுவதில் பெண் பிள்ளைகளுக்கு முதலிடம். சாதாரணதரத்துக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பல கிராமங்களில் இருந்து தூரப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். கணவனை இழந்த, அல்லது கணவன் இருக்கும் இடம் தெரியாத தாய்மார் குடும்பத்தைத் தாங்கும் வீடுகள் இங்கே ஏராளம். கொண்டுபோய் விட அங்கே வேறு ஆளில்லை. மாரியின் மூன்று மாதங்கள் இடையிடையே விட்டுப்போன படிப்பு, தை மாதத்தில் முழுதாக விட்டுப்போய்விடலாம்.

பெட்டிச் செய்தி
சைக்கிள் கொடுத்த படிப்பு
▪ பீகாரில் 9ஆம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கும் திட்டம் 2006 இல் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளின் சேர்க்கை இதனால் 32 வீதம் கூடியதாகப் பொருளியலாளர்களின் ஆய்வு காட்டியது. பள்ளிக்கூடம் தூரமாக உள்ள கிராமங்களில்தான் பலன் அதிகம்.
▪ தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் பேரணி போனார்கள்.

ஒழுங்கை மாற்றுங்கள்

ஊலுவைப் போல 900 கிலோமீற்றர் பாதை கேட்கவில்லை. அதற்கு எங்களிடம் பணமில்லை, வெள்ளமும் பனியைப் போல ஒரே இரவில் அள்ளிக் கொட்டக்கூடிய பொருளல்ல. கார்ல்ஸ்கோகா செய்ததைச் செய்யலாம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம், சி, டி தர வீதிகள் மாகாணத்திடம், மிச்ச ஒழுங்கைகளும் கிரவல் வீதிகளும் பிரதேச சபைகளிடம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழிகளில் பெரும்பகுதி இந்தக் கடைசிக் கணக்கில் வருகிறது. ஆகவே கொழும்புக்காகக் காத்திருக்காமல் கிராம மட்டத்தில் தொடங்கக்கூடிய வேலைதான் இது.

கிரவல் போடும் காசு ஒவ்வொரு வருடமும் கொஞ்சமாவது வருகிறது. அதை யாருடைய வீதிக்கு முதலில் போடுவது என்ற கேள்விக்கு இன்றுவரை செல்வாக்குள்ளவர் பதில் சொல்கிறார். இனி அதிபர் சொல்லட்டும். ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்: எத்தனை பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள், எந்த மதகில் தண்ணீர் மேவும், எந்த இடத்தில் விளக்கு வேண்டும். மதகின் இரு பக்கமும் நாலடி உயரக் கொங்கிறீற் கட்டை நட்டு, தண்ணீர் எவ்வளவு வந்தால் கடக்கக்கூடாது என்று சிவப்புக் கோடு கீறலாம். பிள்ளை காலால் தடவ வேண்டியிராது. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் டிப்பர்களை அந்த வீதியில் மறிக்கப் பொலிஸால் முடியும். வான்கதவு திறப்பதற்கு முன் நீர்ப்பாசனத் திணைக்களம் விடும் எச்சரிக்கை, அந்தத் தண்ணீர் போகும் வழியில் உள்ள பள்ளிக்கூட அதிபர்களின் தொலைபேசிக்கும் நேரடியாகப் போக வேண்டும்.

2025 மே 6 இல் வன்னி மக்கள் பிரதேச சபைகளுக்கு வாக்களித்தார்கள். வாக்குக் கேட்டு வந்தவர்கள் எங்கள் ஒழுங்கைகளை வெயில் காலத்தில் பார்த்தார்கள். சபை உறுப்பினர்களிடம் இந்தக் கட்டுரை கேட்பது ஒன்றுதான். அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்துவதற்கு முன், மழை பெய்யும் ஒரு பள்ளி நாளில், காலை ஆறரைக்கு, உங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் வரை சைக்கிளில் போய் வாருங்கள். எந்த மதகை முதலில் கட்ட வேண்டும் என்ற பட்டியலை அதற்குப் பிறகு எழுதுங்கள்.